பால் பாக்கெட் முதல் ரூம் வாடகை வரை: புயலிலும் தீபத்திலும் விலை ஏறினால் சட்டம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தாலும் மழை விடவில்லை. திருவண்ணாமலையில், மலையடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறைகளும் சரிந்து வீடுகள் மீது விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அன்று இரவு சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணையில் நொடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரக் கிராமங்கள் மூழ்கின.

அடுத்த 12-வது நாள், டிசம்பர் 13 அன்று, அதே மலையின் உச்சியில் கார்த்திகை மகா தீபம். ஒரே ஊர், இரண்டே வாரம். முதல் வாரத்தில் மக்கள் தேடுவது பால், மெழுகுவத்தி, தண்ணீர் கேன். அடுத்த வாரத்தில் லட்சக்கணக்கான பக்தர்கள் தேடுவது ரூம், ஆட்டோ, சாப்பாடு. பேரிடருக்கும் திருவிழாவுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கடைக்காரர் முன்னால் நிற்பவரின் நிலைமை இரண்டிலும் ஒன்றே: "வேணும்னா எடுத்துக்கோங்க, இல்லன்னா விடுங்க."

அப்படிச் சொல்லி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கினால் அது குற்றமா? பலரும் 'ஆமாம்' என்றே நினைக்கிறார்கள். சட்டத்தின் பதில் அவ்வளவு நேரடியானது இல்லை.

'அதிக விலை' என்பதே குற்றமா?

இல்லை. இந்தியாவில் 'பேரிடர் காலத்தில் விலையை ஏற்றக் கூடாது' என்று எல்லாப் பொருட்களுக்கும் எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும் தனிச் சட்டம் கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'கூடுதல் விலை' பற்றிப் புகார் செய்ய அனுமதிக்கிறது. ஆனால் எதைவிடக் கூடுதல் என்பதற்கு 4 அளவுகோல்களைத் தருகிறது:

- சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட விலையைவிடக் கூடுதல்
- பொருளின் மீதோ பாக்கெட்டின் மீதோ அச்சிடப்பட்ட விலையைவிடக் கூடுதல்
- கடையில் வைக்கப்பட்டுள்ள விலைப் பட்டியலைவிடக் கூடுதல்
- இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலையைவிடக் கூடுதல்

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எங்கோ ஒரு விலை ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சட்டம் பாயும். எந்த விலையும் சொல்லப்படாத இடத்தில், கேட்கிற விலை எவ்வளவு அநியாயமாகத் தெரிந்தாலும், இந்தப் பிரிவின் கைக்கு அது எட்டாது.

ஒரு உதாரணம். சாதாரண நாளில் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் ரூமுக்கு, தீபத்தன்று வாசலில் போய் நின்றவரிடம் லாட்ஜ்காரர் 6,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் அது ஒப்புக்கொண்ட விலை. இன்னொருவர் ஒரு மாதம் முன்பே 1,200 ரூபாய்க்கு புக் செய்து, உறுதிச் செய்தியும் வைத்திருக்கிறார். அவரிடம் ரிசப்ஷனில் "அந்த ரேட் இன்னிக்கு இல்ல சார்" என்று 6,000 கேட்டால், அது ஒப்பந்த மீறல், சேவைக் குறைபாடு. ரூமும் வாடகையும் ஒன்றுதான். முதல் ஆளுக்கு வழக்கில்லை. இரண்டாவது ஆளுக்கு உண்டு.

சட்டத்தில் 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்ற பிரிவும் இருக்கிறது. விலையையோ சப்ளையையோ செயற்கையாகக் கையாண்டு நுகர்வோர் மீது நியாயமற்ற செலவைச் சுமத்துவதை அது தடுக்கிறது. ஆனால் கூட்டத்தைப் பார்த்துத் தனி ஒரு லாட்ஜ் ஒரே ஒரு நாள் வாடகையை ஏற்றியதை அதற்குள் கொண்டுவந்து நிரூபிப்பது எளிதல்ல.

எம்.ஆர்.பி.: பேரம் இல்லாத எல்லை

நுகர்வோர் கையில் இருக்கும் வலுவான ஆயுதம், பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் எம்.ஆர்.பி. 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது. புயல், வெள்ளம், கரன்ட் கட், வண்டி வரவில்லை என்ற எந்தக் காரணமும் இங்கே செல்லாது. குறைத்து விற்கலாம், கூட்டி விற்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பால் சப்ளை பாதிக்கப்பட்டது. அரை லிட்டர் பாக்கெட் சில இடங்களில் 100 ரூபாய் வரை விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கூடுதல் விலைக்கு விற்றால் நடவடிக்கை பாயும் என்று அரசும் எச்சரித்தது. பால் பாக்கெட்டில் விலை அச்சாகியிருப்பதால் அங்கே சட்டம் தெளிவாக இருந்தது. அதே நாளில் கடையில் உதிரியாக விற்கும் மெழுகுவத்திக்கோ, தக்காளிக்கோ, டிராக்டரில் ஏற்றி வெள்ளத்தைத் தாண்டிவிடும் சவாரிக்கோ அந்தத் தெளிவு கிடையாது.

எம்.ஆர்.பி.யிலும் ஒரு விதிவிலக்கு தெரிந்திருக்க வேண்டும். ஓட்டல், ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது பாட்டில் மட்டும் இல்லை. இடம், பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த சேவை என்பது அதன் காரணம். எனவே 14 கி.மீ. கிரிவலப் பாதையோரம் ஒரு பெட்டிக்கடையில் 20 ரூபாய் பாட்டிலை 30-க்கு விற்றால் அது விதிமீறல். அதே பாட்டிலை ஏ.சி. ரெஸ்டாரன்ட் மெனு கார்டில் விலை போட்டு 30-க்குக் கொடுத்தால் மீறல் ஆகாது.

எம்.ஆர்.பி. மீறலை விசாரிப்பது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. பலர் போலீஸிடம் போய்விட்டுத் திரும்பி வருவதற்குக் காரணம் இது தெரியாததுதான்.

பதுக்கினால்? பில் தர மறுத்தால்?

விலையைப் பற்றிச் சட்டம் கொஞ்சம் தயங்கினாலும், ஏமாற்று வேலையைப் பற்றித் தயங்குவதில்லை. 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற தலைப்பில் 2019 சட்டம் ஒரு நீண்ட பட்டியலே தருகிறது. பேரிடர், திருவிழா நாட்களுக்கு நேரடியாகப் பொருந்துபவை இவை:

பதுக்கல்: சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு "ஸ்டாக் இல்லை" என்பது, அதனால் விலை ஏறும் என்றால், நியாயமற்ற நடைமுறை. விற்க மறுப்பதும், சேவை தர மறுப்பதும் இதில் அடங்கும்.

பழையதைப் புதியது என்பது: செகண்ட் ஹேண்ட், ரிப்பேர் செய்த பொருளைப் புதியதாகக் காட்டி விற்பது. வெள்ளத்தில் மூழ்கிய ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் துடைத்துப் புதிய அட்டைப்பெட்டியில் போட்டு விற்றால் இதில் மாட்டும்.

பில் தராமல் இருப்பது: விற்ற பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதே தனியாக ஒரு மீறல். "பில் வேணும்னா ஜிஎஸ்டி சேர்த்துக் கொடுங்க" என்ற வழக்கமான மிரட்டலுக்கு இதுதான் பதில்.

திரும்ப வாங்க மறுப்பது: பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது.

தகவலை மறைத்தல்: வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பது 'சேவைக் குறைபாடு' என்று சட்டம் தனியாகச் சொல்கிறது.

இந்தக் கடைசி அம்சத்துக்குத் திருவண்ணாமலையில் ஒரு நேரடிப் பொருத்தம் உண்டு. மண்சரிவுக்குப் பிறகு மலையை வல்லுநர் குழு ஆய்வு செய்தது. அதன் அடிப்படையில் 2024 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்லும் ஊழியர்கள், பணியாளர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த அறிவிப்புக்குப் பிறகும் ஒரு டூர் ஏஜென்ட் 'மலையேறி தீப தரிசனம்' என்று பேக்கேஜ் விற்றிருந்தால், அது தவறான விளம்பரமும் தகவல் மறைப்பும் ஆகும். அறிவிப்புக்கு முன்பே விற்றிருந்தால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் கிடைக்காத சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய கேள்வி எழும்.

'இயற்கைச் சீற்றம், ரீஃபண்ட் இல்லை' என்று சொல்ல முடியுமா?

பல புக்கிங் ரசீதுகளின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்காது. நுகர்வோர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதாலேயே அந்த வரி செல்லுபடியாகிவிடாது. ஒரு தரப்புக்கு மட்டும் பெருமளவு சாதகமான நிபந்தனைகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று 2019 சட்டம் வரையறுக்கிறது. அதை ரத்து செய்யும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் இருக்கிறது.

கரோனா காலம் இதற்கு ஒரு முன்னுதாரணம். ஊரடங்கில் ரத்தான விமானங்களுக்கு, அதே ஊரடங்குக் காலத்தில் பயணம் செய்வதற்காக அப்போது புக் செய்தவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்த பிறகும் பல பயண இணையதளங்களில் பணம் தேங்கியே கிடந்தது. 'யாத்ரா' இணையதளத்தில் மட்டும் 2021-ல் 26 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்து துரத்திய பிறகு, 2024 ஜூனில் அது சுமார் 2.5 கோடியாகக் குறைந்தது. அப்போதும் மிச்சத் தொகையைத் திருப்பித் தரச் சொல்லி ஆணையம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

நிறுவனம் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமைக்குச் சட்டம் துணை நிற்கவில்லை என்பதற்கும், அந்தப் பணம் கைக்கு வர 4 வருடம் கூட ஆகலாம் என்பதற்கும் இந்த ஒரே உதாரணம் போதும்.

ஆன்லைனில் விதி கடுமை

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: 'அசாதாரணச் சூழலில் நியாயமற்ற விலை' என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது. ஆனால் அது இணைய வணிகத்துக்கு மட்டும்.

2020 ஜூலையில் வந்த இணைய வணிக விதிகள், எந்த ஆன்லைன் நிறுவனமும் நியாயமற்ற லாபத்துக்காக விலையைக் கையாளக் கூடாது என்கின்றன. விலை நியாயமானதா என்று பார்க்கும்போது சந்தை நிலவரம், அந்தப் பொருள் எவ்வளவு அத்தியாவசியமானது, எந்த அசாதாரணச் சூழலில் விற்கப்பட்டது ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதாவது புயலன்று ஒரு டெலிவரி ஆப் தண்ணீர் கேன் விலையை ஏற்றினால் கேள்வி கேட்க விதி இருக்கிறது. தெருமுனைக் கடை எம்.ஆர்.பி. இல்லாத பொருளுக்கு அதையே செய்தால் இந்த விதி பொருந்தாது.

இதோடு 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' தடுப்பு வழிகாட்டுதல்களும் வந்தன. ஆப், இணையதள வடிவமைப்பின் மூலம் நம்மைத் தள்ளிவிடும் 13 தந்திரங்களை அது பட்டியலிடுகிறது. பௌர்ணமிக்கோ தீபத்துக்கோ ரூம் தேடியவர்கள் அவற்றில் சிலவற்றைப் பார்த்த உடனே அடையாளம் காண்பார்கள்:

- பொய் அவசரம்: "இன்னும் 1 ரூம்தான் பாக்கி", "இப்போது 37 பேர் பார்க்கிறார்கள்" என்று உண்மையில்லாமல் காட்டுவது.
- கடைசியில் விலையைக் கூட்டுவது: முதல் பக்கத்தில் 1,500. பணம் கட்டும் பக்கத்தில் கன்வீனியன்ஸ் கட்டணம், அது இது என்று 2,100.
- கேட்காமல் கூடையில் போடுவது: இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ முன்கூட்டியே டிக் செய்து வைத்திருப்பது. புயல் நிவாரணம் என்ற பெயரில் 10 ரூபாய் சேர்த்தாலும், சம்மதம் கேட்காமல் சேர்த்தால் மீறல்தான்.

உண்மையிலேயே ஒரு ரூம்தான் இருக்கிறது என்றால் அதைச் சொல்வது தவறில்லை. பொய்யாகச் சொல்வதுதான் தவறு.

தண்ணீர் வடிந்த பிறகு தொடங்கும் மோசடி

பேரிடர் நாளின் விலையேற்றம் கண்ணுக்குத் தெரியும். அடுத்தடுத்த மாதங்களில் நடக்கும் மோசடி தெரியாது.

மூழ்கிய வண்டிகள்: வெள்ளத்தில் நின்ற காரும் பைக்கும் சுத்தம் செய்யப்பட்டு, வேறு ஊர்களின் பழைய வண்டிச் சந்தைக்குப் போகும். பழைய வண்டி வாங்குபவர், வெள்ளத்தில் பாதிக்கப்படவில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குவதும், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்பதும் நல்லது. எழுத்தில் இருந்தால், பின்னால் அது பொய் என்று தெரியும்போது வழக்கு வலுவாக நிற்கும்.

இன்ஷூரன்ஸ்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் கூடுதல் காப்பீடு இல்லை என்று நிறுவனங்கள் கிளெய்மை மறுப்பது உண்டு. "எல்லாமே கவர் ஆகும் சார்" என்று சொல்லி விற்றிருந்தால், அந்த மெசேஜும் விளம்பரமும் முக்கியமான ஆதாரம். நியாயமில்லாமல் கிளெய்ம் மறுக்கப்பட்டால் நுகர்வோர் ஆணையம் போகும் முன் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உண்டு.

போலி நன்கொடை: புயல் நிவாரணம், அன்னதானம், தீப நெய்க் காணிக்கை என்று க்யூஆர் கோடுகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். நன்கொடை கொடுப்பவர் எதையும் விலைக்கு வாங்கவில்லை. அதனால் நுகர்வோர் சட்டம் இங்கே பெரிதாக உதவாது. இது நேரடியான மோசடிக் குற்றம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் புகார் போனால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். தீப தரிசன டிக்கெட்டும் அப்படியே. கோயில் நிர்வாகம் அதிகாரப்பூர்வ இணையதளத்தில்தான் விற்கிறது. இடைத்தரகர் அனுப்பும் லிங்க்கில் இல்லை.

வெளியே என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அவசர நிலை அறிவித்த உடனே ஒரு வரம்பு தானாக அமலுக்கு வந்துவிடும். அத்தியாவசியப் பொருட்கள், ஓட்டல் ரூம், வீட்டு வாடகை, ரிப்பேர் வேலை போன்றவற்றின் விலையை முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் காட்டுத்தீ வீடுகளை அழித்தபோது வாடகையை அதற்கு மேல் ஏற்றியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன.

அந்தச் சட்டம் வியாபாரியையும் மறக்கவில்லை. சரக்கைக் கொண்டுவரும் செலவே கூடியிருந்தால் அந்தக் கூடுதலை விலையில் சேர்க்கலாம். இது நம் ஊருக்கும் பொருந்தும் நியாயம். சாலை துண்டிக்கப்பட்ட நாளில் சுற்றுவழியில் ஆட்டோ வைத்து மெழுகுவத்தி கொண்டுவந்த சிறு கடைக்காரரையும், குடோனில் இருந்ததை வெளியே எடுக்காமல் வைத்திருந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. விலையைக் கடுமையாகப் பிடித்தால் சரக்கே வராது என்ற பொருளாதார வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு.

இந்தியாவுக்கு இந்த வரம்பு வைக்கும் வழி தெரியாமல் இல்லை. 2020 மார்ச்சில் முகக்கவசமும் சானிடைசரும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மி.லி. சானிடைசர் 100 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தாகி மற்ற விமானங்களின் டிக்கெட் விலை எகிறியபோது, 500 கி.மீ. வரை 7,500 ரூபாய் என்று தொடங்கி மத்திய அரசு தற்காலிக உச்சவரம்பு வைத்தது.

இரண்டிலும் அரசு தலையிட்டது சில நாட்களில். ஆனால் ஒவ்வொரு முறையும் தனியாக முடிவெடுத்து, தனியாக உத்தரவு போட வேண்டியிருக்கிறது. நாடு முழுக்கப் பேசப்படும் முகக்கவசத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் அது நடக்கிறது. ஒரு மாவட்டத்தின் ஆற்றோரக் கிராமத்தில் தண்ணீர் கேனுக்கு யார் உத்தரவு போடுவது?

கலெக்டரிடம் இருக்கும் இரண்டு அதிகாரம்

இதற்கான பதிலில் ஒரு பகுதி சட்டத்திலேயே இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன் கீழ் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவரே. அந்தக் குழு வருடத்துக்குக் குறைந்தது 2 முறை கூட வேண்டும்.

இன்னும் முக்கியமானது அதே சட்டத்தின் 16-வது பிரிவு. ஒரு தனி ஆளுக்கு மட்டும் நடக்காமல், நுகர்வோர் என்ற கூட்டத்துக்கே உரிமை மீறல் நடக்கும்போது, புகாரின் பேரில் கலெக்டர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். இந்தப் புகாரை எழுத்திலோ இணையவழியிலோ யாரும் கொடுக்கலாம். தனக்கே நஷ்டம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தீபத் திருவிழாவுக்குத் தற்காலிக பஸ் நிலையம், பார்க்கிங், ஆட்டோ கட்டணம் என்று மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே திட்டமிடுகிறது. விலைப் பட்டியலை வாசலில் ஒட்டுவதை லாட்ஜ்களுக்கும் ஓட்டல்களுக்கும் அதே கூட்டத்தில் கண்டிப்பாக்கினால் ஒரு பெரிய மாற்றம் வரும். பட்டியல் ஒட்டிய அந்த நிமிடமே சட்டத்தின் மூன்றாவது அளவுகோல் உயிர்பெறும். அதைத் தாண்டி வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் புகாருக்கு உரியதாகிவிடும். புயல் எச்சரிக்கை வரும்போது பால், குடிநீர், மெழுகுவத்தி மொத்த வியாபாரிகளிடம் இருப்பு விவரம் கேட்டு வைத்தால், பதுக்கலை நிரூபிப்பதும் எளிதாகும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இவை.

ஊறுகாய்க்கு 35,025 ரூபாய்

'சின்னத் தொகைக்கு யார் கேஸ் போடுவது?' என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2022 நவம்பரில் ஒருவர் 25 பேருக்கு பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒரு சாப்பாடு 80 ரூபாய். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஊறுகாய் இல்லை. பில்லும் முறையாகத் தரப்படவில்லை. 2024 ஜூலையில் விழுப்புரம் நுகர்வோர் குறைதீர் ஆணையம் அந்த உணவகத்துக்கு உத்தரவிட்டது: இழப்பீடு 30,000, வழக்குச் செலவு 5,000, ஊறுகாய்க்கு 25 ரூபாய்.

சிரிக்க வைத்த வழக்குதான். ஆனால் அதில் அவர் வென்றதற்குக் காரணம், என்னென்ன தரப்படும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இங்கே சம்பவத்திலிருந்து உத்தரவு வரை சுமார் 20 மாதம். நஷ்டஈடு வாங்கித் தர இந்த வழி போதும். வெள்ளத்துக்கு நடுவில் இன்றைக்கு ஒரு பால் பாக்கெட் வாங்கித் தர இது உதவாது.

போனில் என்ன எடுத்து வைக்க வேண்டும்? எங்கே போக வேண்டும்?

- ஆதாரம்: பாக்கெட்டின் எம்.ஆர்.பி., கடையின் விலைப் பட்டியல் போட்டோ, புக்கிங்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது. பணமாகக் கொடுத்தால் பில் கேட்பது அவசியம். பில் தர மறுத்தால் அதையும் புகாரில் சேர்க்கலாம்.
- 1915: தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். நிறுவனத்திடம் பேசித் தீர்க்க முயல்வார்கள். இது நீதிமன்றம் இல்லை. ஆனால் ரீஃபண்ட் விஷயத்தில் முதல் படியாக முயன்று பார்க்கலாம்.
- மாவட்ட ஆணையம்: கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் இங்கே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.
- எந்த ஊரில்? பழைய சட்டத்தில் எதிர்த் தரப்பு இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போக வேண்டும். 2019 சட்டம் அதை மாற்றியது. திருவண்ணாமலையில் ஏமாந்த சென்னைக்காரர் சென்னையிலேயே போடலாம். ஆன்லைனில் 'இ-ஜாக்ரிதி' தளத்திலும் தாக்கல் செய்யலாம்.
- கூட்டாக: ஒரே பேக்கேஜில் 40 பேர் ஏமாந்திருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரே அனைவருக்காகவும் வழக்குப் போடலாம். கலெக்டரிடம் 16-வது பிரிவின் கீழ் மனுவும் தரலாம்.
- யாருக்குப் பொருந்தாது? இலவசமாக வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் இந்தச் சட்டத்தில் 'நுகர்வோர்' ஆக முடியாது. நிவாரண முகாமில் தந்த அரிசி மோசம் என்றால் புகார் நிர்வாகத்திடம்தான் போக வேண்டும்.

இந்தப் பட்டியல் யாருக்கு உதவும் என்றும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே புக் செய்து, ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கும் பக்தருக்குச் சட்டத்தில் நல்ல பிடி இருக்கிறது. இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறி, போனில் சார்ஜ் இல்லாமல், குழந்தைக்குப் பால் தேடி நிற்பவரிடம் புக்கிங்கும் இல்லை, பில்லும் இல்லை. கலிஃபோர்னியா போல அவசர நிலையோடு தானாக வரும் விலை வரம்பு ஒன்று இங்கே தேவைப்படுவது அவருக்காகத்தான். அது வரும்வரை, அவருக்கு அன்றைக்கே உதவக்கூடிய அதிகாரம் கலெக்டர் அலுவலகத்தில்தான் இருக்கிறது.